இரண்டு டிக்கெட்

என்னவருக்கு,

பத்திரமாக இறங்கிவிட்டதாக நீங்கள் அனுப்பிய செய்தி வந்தது. பதில் போடவில்லை. போனில் பேசினால் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீங்களும் "சரி, விடு விடு" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். நாளை விமானத்தில் உங்கள் குழுவின் வயலின்காரர் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருடைய வாத்தியம் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் அடங்கிவிடுகிறது. அவர் மனைவி கொடுத்துவைத்தவள்.

வீட்டில் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. என் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. என் அக்காவுக்குத் தைத்த சட்டைகள் மேலாக இருக்கின்றன. இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு கையைத் தூக்கக் கூடாதாம், அதனால் எல்லாவற்றிலும் முன்பக்கம் பொத்தான் வைத்தேன். அவற்றையும் வயலின்காரரிடம் தருகிறேன்.

விமான நிலையத்தை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. கவுன்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு, இரண்டு இருக்கைதான் இருக்கிறது, ஒன்று சாருக்கு, ஒன்று செல்லோவுக்கு, மேடம் பெயரே இல்லையே என்றாள். வருடக்கணக்காக உங்களுக்கும், வயலினைப் போல நாலு மடங்கு இருக்கும் அந்தச் செல்லோவுக்கும் என்று இரண்டு டிக்கெட் போட்டே பழகிய கை. அக்கா இருக்கும் ஊரில்தானே கச்சேரி, நானும் வருகிறேன் என்றபோது நன்றாகத் தலையாட்டினீர்கள். ஆட்டிவிட்டு வழக்கம்போல இரண்டு போட்டிருக்கிறீர்கள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சக்களத்திக்கு ஜன்னலோரம், எனக்கு வாசலா என்று கேட்டேன். அந்தப் பெண்கூடச் சிரித்தாள். விமானத்தில் வேறு இடமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்தப் பெண் நல்லவள். செல்லோவைச் சரக்கோடு கீழே ஏற்றிவிட்டால் அந்த இடத்தை எனக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள். நீங்கள் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றீர்கள். ஒருமுறை அப்படி ஏற்றி, அதன் கழுத்து முறிந்து வந்தது. அன்று பெட்டியைத் திறந்ததும் உங்கள் முகம் எப்படிப் போனது என்று பார்த்தவள் நான். அதை நினைத்துத்தான், "நீங்க கிளம்புங்க, நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நீங்களாக என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரிந்திருக்கும். இனி அது எனக்குத் தெரியப்போவதில்லை. டாக்சியில் திரும்பும்போதுதான் தோன்றியது, அந்த ஊரில் கச்சேரிக்கு ஒரு செல்லோ இரவலாகக் கிடைத்திருக்குமே என்று. இரவல் தங்கை எங்கே கிடைப்பாள்?

நாளை விமானமும் நிரம்பிவிட்டது. அதற்கடுத்ததில் இடம் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் வந்து இறங்குவதற்குள் அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். அவளிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "பரவால்லடி, நீ வந்து என்ன பண்ணப்போற" என்றாள். பிறகு, "உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் யாராவது பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். யாரிடமும் வாய்விட்டு ஒன்று கேட்காதவள். பிழைத்து வருவேனோ மாட்டேனோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். நாளை மறுநாள் காலை உங்களுக்கு ஒத்திகை, தெரியும். ஒத்திகைக்குப் போகாமல் இருந்ததே இல்லை, தெரியும். சாப்பிடப் போனாலும் செல்லோவைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவீர்கள், ஹோட்டல் அறையில் தனியாக விட்டதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அன்று ஒரு காலை மட்டும் அதை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் பெயரைச் சொல்லி அவள் பக்கத்தில் உட்காருங்கள். பயந்தால் அக்காவுக்குக் கை சில்லிட்டுவிடும். பிடித்துக்கொள்ள உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

அடுத்த விமானத்தில் வரும்,
உங்கள் வீட்டுக்காரி