துவக்கைக் கொண்டுபோனார்கள்

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து என் துவக்கையும் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்கள். என் மனநிலை பற்றி யாரோ தகவல் கொடுத்தார்களாம். யார் என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரியும், அது ரவி அண்ணைதான். பதினொரு வருடமாக ஞாயிறுகளில் லண்டனுக்கு வெளியே எசெக்ஸில் உள்ள சுடும் மைதானத்துக்குப் போய், பறக்கும் களிமண் தட்டுகளை இருவரும் சேர்ந்து சுடுகிறோம். அந்த இரட்டைக்குழல் துவக்கை என் தோளில் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்தவரே அவர்தான். என் மனைவி மாலதி இறந்தபோது என்னைத் தனியே விடாமல் ஒரு கிழமை என் வீட்டில் படுத்தவரும் அவர்தான்.

நேரே வால்தம்ஸ்டோவில் இருக்கும் அவருடைய கடைக்குப் போனேன்.

"பொலிசுக்குச் சொன்னது நீங்களோ, அண்ணை?"

"ஓம். நான்தான்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் என்ன, பைத்தியமோ?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போன ஞாயிறு எல்லாரும் போனாப்பிறகும் நீ துவக்கை மடியிலை வைச்சுக்கொண்டு காருக்குள்ளை இருந்தாய். நான் பாத்தனான். சாகிற யோசனையோ எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போடுவியோ எண்டு பயந்திட்டன்."

வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினேன். இனி என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்ய அவருக்கு எப்படி மனம் வந்தது?

கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று காரில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். இப்போது அதையே இங்கே எழுதப் பார்க்கிறேன். உறுதியாக எழுத முடியவில்லை.