சூசோக் பண்டிகைக்கு வீடு பூட்டியிருக்கும்

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த முழுநிலா அறுவடைப் பண்டிகையான சூசோக்குக்கு நீ ஆண்டோங்கில் நம் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் வீடு பூட்டியிருக்கும். நான் என் தங்கையோடு கொரியாவை விட்டு வியட்நாமுக்குப் போகிறேன். பண்டிகை வாரத்தில் டிக்கெட்டே கிடைக்காது என்றார்கள். விடியற்காலை விமானத்தில் இரண்டு இடம் பிடித்துவிட்டேன்.

உன் சின்ன மாமனார் நேற்று வந்து குதித்தார்.

"என்ன அண்ணி, அண்ணனுக்குப் படையல் யாரு வைப்பா?"

"நான்தான். ஓட்டல் ரூம்ல மாம்பழம் வச்சுப் படைக்கிறேன்."

"அவரு அங்க எப்படி வருவாரு?"

"உசிரோட இருந்தப்போ எங்கிட்ட சொல்லாம ஊரெல்லாம் சுத்துனவர்தானே தம்பி. வழி கேட்டு வந்துடுவாரு."



நான் வீட்டில் இருந்தால், மூத்த மருமகளான நீ முந்தின நாளே வந்து அடுப்படியில் நிற்க வேண்டும் என்பார்கள். படையல் முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவி, நீ மோக்போவில் உன் அம்மாவிடம் போய்ச் சேரும்போது பண்டிகை முடிந்திருக்கும். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். நான் ஊரிலேயே இல்லாவிட்டால் உன்னை யாரும் கூப்பிட முடியாது.

இனி ஊசி போட்டுப் பயனில்லை, சம்பந்தியம்மாவை வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக என் மகன் சொன்னான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

லீவு தொடங்கும் அன்றே போய்விடு. அவனையும் கூட்டிப் போ. பண்டிகைக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைய அவனுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளட்டும். நிலா வந்ததும் அம்மாவை ஜன்னல் பக்கம் சாய்த்து உட்கார வை.

பண்டிகைக் காலையில் எனக்குப் போன் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன். அம்மாவிடம் பேசிக்கொண்டிரு.

உன் மாமியார்