அண்ணன் செய்து கொடுத்த நீளக் குழாய்

துடியலூர்
12.9.97

அன்புள்ள எழில் அண்ணாவுக்கு,

தங்கை மதிவதனி எழுதுவது. பூனாவில் நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இன்றைக்கு அப்படி எழுத முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள். அப்பா புரளும்போதெல்லாம் நான் விளக்கைத் தணித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது, லாட்ஜ் மொட்டை மாடியில் வெந்நீருக்காக வைத்திருக்கும் சோலார் கண்ணாடிகளைக் கழுவ அப்பா ஏணி ஏறி முட்டி வலியோடு அவதிப்பட வேண்டாம் என்று ஒரு நீள இரும்புக் குழாய் செய்து கொடுத்தீர்களே, உள்ளே தண்ணீர் போய் நுனியில் பிரஷ்ஷோடு கொட்டுமே, அதைப் பற்றித்தான். போன சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஓனர் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னாராம். அது வெயிலில் காய்ந்து ஒட்டிப்போய்விட்டது. பூஜை நெருங்குகிறது என்று அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார் அப்பா. காலில் செருப்பில்லை, தரையெல்லாம் தண்ணீர். கடைசிக் கண்ணாடிக்கு எட்டுவதற்காகக் குழாயைத் தூக்கித் திருப்பினார் அண்ணா, கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகிற கரண்டுக் கம்பியில் நுனி பட்டுவிட்டது. டப்பென்று ஒரு சத்தம். அப்பா போய்ச் சுவரோரம் விழுந்தார். கொஞ்சம் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் மூன்று மாடி. நான் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாட்ச்மேன் பாலுசாமிதான் ஓடி வந்து தூக்கினார்.

வலது உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது. அம்மாவிடம் வெந்நீர்க் குழாய் சுட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, ஏனுங்க, தண்ணி வேலைக்குப் போயி யாராச்சும் வெந்து வருவாங்களா என்று கேலி பண்ணியது. அப்பாவும் சிரித்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மணி, அண்ணனுக்கு மட்டும் எழுதிப்போடாதே, பையன் மனசு ஒடிஞ்சுபோயிரும் என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாலுசாமி, அந்த இரும்பைத் தூக்கி வீசுங்க ஐயாசாமி, பழையபடி வாளியே போதும் என்றதற்கு, எம்பையன் செஞ்சதுங்க, வேணும்னா உங்க விசிலை வீசுங்க என்றாராம். கருகின நுனியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் அழுதேன், கேட்காமல் போய்விட்டார். பூஜைக்குள் பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடிகளையும் கழுவ வேண்டுமாம், அங்கே கம்பி இன்னும் கிட்டத்தில் போகிறது.

நீங்கள் சொன்னால்தான் கேட்பார். கடிதம் எழுதினால் நாளாகும், லாட்ஜுக்கே போன் பண்ணுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், உங்கள் கம்பெனியில் யாருக்கோ இப்படி ஆனது என்று சொல்லுங்கள். இரும்புக் குழாயைத் தொடவே கூடாது, மூங்கிலாக இருந்தாலும் நனைந்தால் கரண்டு பாயும், கம்பி பக்கம் நீளமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஈ.பி. ஆபீசில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மாடிக்கு ஆள் போக வேண்டும் என்று ஓனரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சத்தியத்தை மீறிவிட்டேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு அப்பாவின் கடிதத்தையும் இதோடு தபாலில் போடுவேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. குழாய் அருமையாக வேலை செய்கிறது, கடைசிக் கண்ணாடிக்குத்தான் எட்டவில்லை, அடுத்த தடவை வரும்போது இன்னும் நீளமாக ஒன்று செய்துகொண்டு வா கண்ணு என்று இருக்கும். என் கையெழுத்துதான், நம்பிவிடாதீர்கள் அண்ணா. அதில் அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் மட்டும்தான் நிஜம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஐ. மதிவதனி