மூன்று ஊரில் பிறந்த நைனாவுக்கு

ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடேறும்போது ஒரு வாசனை வருமே, பிளாஸ்டிக் உருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற வாசனை, அது உன் வாசனை நைனா. மற்றவர்களின் அப்பாக்களுக்கு விபூதி வாசனை, பீடி வாசனை என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இது. இன்று மணவாள நகரில் என் மகளின் சாதிச் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைக்கார அம்மா கேட்டார்: "லேமினேஷன் போட்டுடட்டா அண்ணே?"

நீ இருந்தபோது உன்னை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது மரியாதையாக "நீங்கள்" என்று எழுதினால் வீட்டு ஓனருக்கு எழுதுவது போல இருக்கிறது. அதனால் நீ என்றே எழுதுகிறேன். கோபப்படுவதற்கும் அதுதான் வசதி.

உன் பேத்தி பன்னிரண்டாவது முடித்தாள். நம் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். நான் பத்தாவது தேறியதோடு சரி, அதுவும் இரண்டாவது முயற்சியில், கணக்கு வாத்தியாரின் கருணையில். கல்லூரியில் சேர அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். காக்களூரில் லேத் ஓட்டுகிற எனக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை. இரும்புக்குச் சாதி கேட்கத் தெரியாது. என்னிடம் இல்லை என்றதும், கிராம அலுவலகத்தில் "உங்க அப்பா பேப்பரைக் கொண்டாங்க, அவர் எந்த ஊர்க்காரர்னு பார்க்கணும்" என்றார்கள்.

உன் சூட்கேஸைத் திறந்தேன். அத்தனையும் லேமினேஷன். கரண்ட் பில்லைக்கூட விடவில்லை நீ. "பேப்பரு கிழிஞ்சா மனுசன் கிழிஞ்ச மாதிரிடா" என்பாய். தரையில் பரப்பி வைத்துவிட்டு, துப்பறியும் ஆள் போல மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது.

உன் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழில், பிறந்த ஊர்: தடாவுக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், உன் அம்மாவின் ஊர். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உனக்குக் கொடுத்த அட்டையில், கும்மிடிப்பூண்டி. உன் கல்யாணப் பத்திரிகையில், திருவள்ளூர். மூன்று ஊரில் பிறந்த மனுசன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் நைனா.

"தாத்தா எங்கதான்ப்பா பொறந்தாரு?" என்றாள் பேத்தி.

"தவணை முறையில பொறந்திருப்பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கவுன்சிலிங் நெருங்கிக்கொண்டிருந்தது.

பின் இரண்டும் எனக்குப் புரிந்தன. கம்பெனி கேட்டில் உள்ளூர் ஆளா என்று கேட்டிருப்பார்கள், நீயும் தலையை ஆட்டியிருப்பாய். திருவள்ளூரில் பெண் கேட்டுப் போன இடத்தில் திருவள்ளூர்க்காரனாகியிருப்பாய். ஆனால் அந்த முதல் ஊரை நான் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் உன்னோடு சூலூர்ப்பேட்டைக்குப் பஸ்ஸில் போனபோது, ஒரு நிறுத்தத்தில் எழுந்து நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாய். "அதான் நம்ம ஊரு" என்றாய். இறங்கலாமா என்று கேட்டேன். நீ உட்கார்ந்துவிட்டாய். "ஊருன்னா ஒன்னு இருக்கணும்டா. போவணும்னு இன்னா இருக்குது?" அப்போது அது எனக்குப் பெரிய தத்துவமாகத் தெரிந்தது.

அந்தச் சான்றிதழைத்தான் கிராம அலுவலர் அம்மாவிடம் நீட்டினேன். மூன்றில் அதற்குத்தான் அரசாங்க முத்திரை இருந்தது. கெட்டிக்காரத்தனம் செய்வதாக எனக்கு நினைப்பு.

"ஆந்திராவா?" என்றார்.

"இல்ல மேடம், எங்க நைனா…"

"நைனாவா? அப்போ தெலுங்குதானே?"

"இந்தப் பக்கம் எல்லாரும் அப்டித்தான் மேடம் கூப்பிடுவோம். எனக்குத் தெலுங்குல டப்புன்ற வார்த்தைய விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

அவர் கெட்டவர் இல்லை, சிரித்துவிட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாநிலத்திலிருந்து வந்த குடும்பமென்றால் இங்கே சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் பேத்தி பொதுப்பட்டியலில் நிற்க வேண்டும். அவள் எடுத்த மார்க்குக்கு அதில் அரசுக் கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. தனியார் கல்லூரிக்கு என்னை விற்றாலும் போதாது. பழைய இரும்பு விலைதான் கிடைக்கும்.

கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறி அத்தையிடம் போனேன். உன் தங்கை அப்படியேதான் இருக்கிறாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அத்தே, நைனா எங்க பொறந்தாரு?"

"இன்னாடா இப்ப? பொறந்தவனே போய் சேந்துட்டான். அவன் எங்க பொறந்தா உனக்கு இன்னா?"

"பாப்பாவுக்கு சர்டிபிகேட் வேணும் அத்தே."

"அவன் இருக்கசொல்ல கேக்கறதுதான? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வேப்பம்பட்டு செங்கல் சூளைல பொறந்தான். நானுந்தான்."

தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும், அதுதானே நம் வழக்கம். வளையல் அடுக்கி அழைத்துப் போவார்கள். உன் அம்மாவை அழைக்க யாரும் வரவில்லை. சூளையில் கல் அறுக்கிறவனைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டவளுக்கு யார் வருவார்கள்? மாதம் நெருங்கியதும் அவளே வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போயிருக்கிறாள்.

"வெளியவே ஒரு சொம்பு தண்ணி குட்துட்டு கதவ சாத்திக்கினாங்களாம். குடிச்சிட்டு சொம்ப கவுத்து வெச்சிட்டு திரும்பி வந்துடுச்சு. பச்சக்கல்லு காயவைக்கிற கொட்டாயில பொறந்தான் உன் நைனா."

"அப்ப ஸ்கூல் பேப்பர்ல?"

"வாத்தியாரு கேட்டாராம், 'தலைச்சனாம்மா?' 'ஆமாய்யா.' 'அப்ப உங்க அம்மா ஊட்லதான் பொறந்திருப்பான், ஊரு பேர சொல்லு.' சொல்லிடுச்சு."

"பொய்யா சொல்லிச்சு?"

"ஊரு பேருதானடா கேட்டாரு? சொல்லிச்சு. அந்தாளு எழுதனப்பதான் எங்க அம்மாவுக்கு ஒரு அம்மா ஊடு கெடச்சுது. அதாலதான் உங்க நைனா அந்தப் பேப்பர அப்டி காபந்து பண்ணிக்கினு இருந்தான்."

கிளம்ப எழுந்தபோது கேட்டேன். "நீ எங்க பொறந்தன்னு எதுல அத்தே இருக்குது?"

"என்னை எவன் ஊரு கேட்டான்? பொம்பளைக்குப் புருசன் ஊருதான் ஊரு. எனக்கு அந்தப் பேஜாரே இல்ல." மீனைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் எனக்கு வேப்பம்பட்டு ஞாபகம் வந்தது. மனை வாங்கலாம் என்று உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனேனே. வளைவு வைத்து, அதற்கு நகர் என்று பெயர் போட்டு, கொடி கட்டியிருந்தார்கள். நீ வண்டியை விட்டு இறங்கவில்லை. "வேணாம்டா. இது வெந்த மண்ணு. இதுல ஒரு செடி வராது" என்றாய். மண்ணைப் பார்த்ததுமே சொல்கிற ஆள் எங்க நைனா என்று லேத் பட்டறை முழுக்க நான் பெருமை பேசினேன். முட்டாள் மகனிடம் நீ எவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்கிறாய்! அந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை, "இங்கதான்டா" என்று சொல்லியிருந்தால் என்ன நைனா? நான் என்ன ஊரைக் கூட்டியா சிரித்திருப்பேன்?

அத்தை சொன்ன சூளை மேஸ்திரியின் மகன் இன்னும் வேப்பம்பட்டில் இருக்கிறார். வயதானவர். அவர் அம்மாதான் உன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவளாம். "உங்க நைனா அழுத சத்தத்துல நான் கோலியத் தவறவுட்டேன்" என்றார். சாட்சிக்கு வந்தார். அத்தையும் முனகிக்கொண்டே வந்து கைநாட்டு வைத்தாள். ஆனால் இரண்டு ஊர் இருக்கக் கூடாது, பழைய ஊர் தப்பு என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

கோர்ட் எதிரில் டைப் அடிக்கிறவர் படித்துக் காட்டினார். "என் தகப்பனார் மேற்படி ஊரில், தன் தாயாரின் பெற்றோர் வீட்டில் பிறக்கவில்லை என்றும், மேற்படி ஊருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும்…"

"சார், அந்தக் கடைசி வரி வேணுமா?"

"அதாங்க மெயினு. அது இல்லன்னா வெறும் பேப்பர்."

கையெழுத்துப் போட்டேன் நைனா. என் பெயரை முழுசாக, தெளிவாக எழுதினேன். கதவைச் சாத்தியவர்கள் என்றைக்கோ செத்திருப்பார்கள். உன் அம்மாவை இன்னொரு தடவை வாசலிலேயே நிற்க வைக்க இங்கே நான் இருந்தேன்.

சான்றிதழ் வந்தது. அதற்குள் முதல் சுற்று கவுன்சிலிங் முடிந்துவிட்டது. உன் பேத்தி கேட்டது கம்ப்யூட்டர். கிடைத்தது வரலாறு. சிரிக்காதே. அவளும் சிரிக்கவில்லை. "பரவால்லப்பா" என்றாள், உன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கிராம அலுவலர் அம்மா நல்ல மனதோடு ஒன்று சொல்லி அனுப்பினார். "அந்தப் பழைய பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ரெண்டு ஊர் கையில இருந்தா நாளைக்குப் பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

சரிதான் என்று பஸ் நிறுத்தத்திலேயே எடுத்தேன். உன் மேல் இருந்த ஆத்திரம் அத்தனையையும் சேர்த்து இரண்டு கையாலும் இழுத்தேன். லேத் பிடித்துக் காய்ப்பேறிய கை. கிழியவில்லை. வளைந்தது, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

இன்று கடைக்கார அம்மாவிடம் "வேணாம்மா" என்றேன். பேத்தியின் சான்றிதழ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கிழிந்தால் இன்னொன்று வரும்.

உன்னுடையதை வீட்டில் வைக்கப் பயமாக இருக்கிறது, மகள் கண்ணில் பட்டால் ஏன் இன்னும் கிழிக்கவில்லை என்று கேட்பாள். அதனால் என் சாப்பாட்டுப் பைக்கு அடியில் விரித்துப் போட்டு, மேலே டிபன் பாக்ஸை வைக்கிறேன். சோறு சூடாக இருந்தால் அந்த வாசனை வருகிறது. எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த ஊர், தினமும் என்னோடு காக்களூருக்கு வேலைக்கு வருகிறது நைனா.