மாகிரட் கொண்டுவந்த சப்பாத்துப் பெட்டி

கோவில் வாசலில் நின்று, முன்பின் தெரியாதவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்த என் மச்சாளுக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிவிட்டது. உங்கள் தம்பி சுகம். பிரஷர் குளிசையை மட்டும் இன்னமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விழுங்க வைக்க வேண்டியிருக்கிறது. வாசலில் நீங்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். பாதர் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே?

வோபர்னில் எங்கள் கோவில் அதே செங்கல் கட்டடம்தான். காலையில் வெள்ளைக்காரருக்கு ஆங்கில ஆராதனை, பின்னேரம் இரண்டு மணிக்கு எங்களுக்குத் தமிழ் ஆராதனை. அங்கிலிக்கன் சபை ஒன்றுதான் என்று வெளியே பலகை சொன்னாலும், அவர்கள் போகத்தான் நாங்கள் வருவோம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உங்கள் தட்டுத்தடுமாறிய ஆங்கிலமும் நீங்கள் பொரித்த பற்றிஸும்தான் இருந்தன. நீங்கள் போனபின் அதுவும் இல்லை.

தை மாதம் ஒரு ஞாயிறு, கோவில் ஹீற்றர் வேலை செய்கிறதோ என்று பார்க்க வந்த காலைச் சபையின் பொறுப்பாளர் மாகிரட், எங்கள் ஆராதனை முடியும்வரை பின்னால் நின்றிருக்கிறார். நற்கருணை வாங்கப் போகும்போது ஊரில் செய்தமாதிரியே சப்பாத்தைக் கழற்றி இருக்கிற வாங்குக்குக் கீழே வைத்துவிட்டுத்தானே போவோம்? அவர் கண்டதெல்லாம் வெறும் காலுறையோடு நடந்த எங்கள் கிழடுகட்டைகளைத்தான். செல்லத்துரை அண்ணையின் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது வேறு. அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே பாவித்த சப்பாத்துகளும் பனிக்கால பூட்ஸும். தமிழ் நண்பர்களுக்கு என்று மேலே ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்கே மாகிரட்டுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் சப்பாத்து இல்லாத ஆட்கள் இல்லை, பிச்சைக்கு வந்தவர்களும் இல்லை, பெட்டியைக் கொண்டு போங்கள் என்றேன். என் ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாகத்தான் விழுந்திருக்கும். ஏன் கழற்றுகிறோம் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் "சொறி" என்று மன்னிப்பு மட்டும் கேட்டார். பொழுதுபட முன் பெட்டி போய்விட்டது. "நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்றார் செல்லத்துரை அண்ணை. நானும் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து சாந்தி வந்தாள். நீங்கள் காணாத பிள்ளை. இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், பிறகு கொழும்புக்கு வந்து, மார்கழியில் இங்கே வந்து இறங்கியவள். சைவக்காரி, எங்கள் கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. கூட இரண்டு பெண் குழந்தைகள். மூன்று பேருக்கும் துணிச் சப்பாத்து, பனியில் ஊறிப்போய்.

"அன்ரி, இங்க பிள்ளையளுக்கு பூட்ஸ் குடுக்கினமாம் எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொன்னவ. உண்மையோ?" கேட்டுவிட்டு அவள் நிலத்தைப் பார்த்தாள்.

மச்சாள், எனக்கு வந்த வெட்கத்தை வேறு யாரிடம் சொல்ல? இருந்ததை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மூவரையும் உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அலுவலக அறைக்குப் போய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்றால் எடுத்த எடுப்பிலேயே சிரித்துப் பேசியிருப்பீர்கள். எனக்கு மாகிரட்டின் நம்பரை அழுத்தக் கை வரவில்லை. சின்னவள் ஈரக் காலை ஹீற்றருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது கதவால் தெரிந்தது. அழுத்தினேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, ஆண்டவருக்கு முன்னால் போகும்போது நாங்கள் சப்பாத்துப் போடுவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். கடைசியில்தான் பூட்ஸ் கேட்டேன். எங்கே கொடுப்பதென்று தெரியாமல் பெட்டி இன்னும் தன் காரில்தான் கிடக்கிறது என்றார் மாகிரட். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். முழங்காலிட்டுத் தானே பிள்ளைகளுக்கு மாட்டிப் பார்த்தார். பெரியவளுக்குச் சரி, சின்னவளுக்கு ஒரு விரல் பெரிது. "வளருற பிள்ளைதானே, கிடக்கட்டும்" என்றாள் சாந்தி. அதை மாகிரட்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னது நான்தான், நம்புவீர்களோ?

இப்போது சனிக்கிழமைகளில் கீழ் மண்டபத்தில் மாகிரட்டும் நானும் உடுப்பும் பூட்ஸும் அடுக்கிக்கொண்டு இருக்கிறோம். நகரத்தின் மறுகோடியில் உள்ள பார்க்டேலில் இருந்துகூட ரயிலும் பஸ்ஸும் மாறி ஆட்கள் வருகிறார்கள். நான் மடிக்கிற விதம் சரியில்லை என்று அவருக்குக் குறை. அவருடைய தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி என்று எனக்குக் குறை. பெரிய வெள்ளிக்கு இரண்டு சபையும் ஒன்றாக ஆராதித்தோம். நீங்கள் ஐந்து வருடமாகப் பாதரை நச்சரித்துக் கேட்டது அதைத்தானே? எனக்குச் சந்தோசமாக இருக்கிறது மச்சாள், உண்மையாகவே சந்தோசமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கிடந்து அரிக்கிறது. பெட்டி இல்லாத அந்த இரண்டு கிழமைக்குள் சாந்திக்கு முன்னால் வேறு யாராவது வந்து, வாசலை எட்டிப் பார்த்து, கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருப்பார்களோ? அந்தப் பனியில் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வாசலில் நான் நிற்கும்வரைக்கும் ஒருவரையும் வாய் திறந்து கேட்க விடமாட்டேன். கேட்க முதல் கொடுத்துவிடுவேன். இன்னொரு தாய் என் முன்னால் நிலத்தைப் பார்க்கக் கூடாது.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்கள் வாய்க்கார மச்சாள்
றஞ்சி