வெட்டாமல் விட்ட இடம்

பாலக்கரை, திருச்சி
செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சித்தார்த்தனுக்கு,

இம்தியாஸ் எழுதுவது. இங்கே நானும் ஷஹனாஸும் பிள்ளைகளும் சுகம். புத்தூரில் உன் அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஸ்ரீரங்கத்தில் இளவேனிலும் மாப்பிள்ளை குணசீலனும் சுகம். ஷார்ஜாவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். ஷஹனாஸின் தம்பி உஸாமா ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான். அவனிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்து அனுப்புகிறேன். உன் தங்கச்சி கல்யாண வீடியோ அதில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ கட் செய்வாய். அதனால்தான் ஜும்மா முடிந்து வந்ததும் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து உன்னிடமிருந்து எனக்கு வரும் மெசேஜ் எல்லாம் ஒரே வார்த்தைதான். காலையில் "ஆச்சா?" மத்தியானம் "ஆச்சா?" எடிட்டிங் யாருடைய வேலை, சித்தார்த்தா? இத்தனை வருஷமும் நான் எடுத்தேன், நீ வெட்டி ஒட்டினாய். கேமராவைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், கம்ப்யூட்டர் என்றால் எனக்குக் கை ஓடாது. அது தெரிந்தும், போகிற அன்று உன் பழைய மேக்புக்கை என் மேசையில் வைத்து, "இத வச்சு ஓட்டுடா, ராசியான மிஷினு" என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாய். ராசியும் உன்னோடு ஃப்ளைட் ஏறிவிட்டது போல.

என்ன நடந்தது என்று கேள். இளவேனில் கல்யாணத்துக்கென்றே நான் புதுக் கேமரா வாங்கினேன், உனக்குத் தெரியும். அதில் எடுத்ததை உன் லேப்டாப்பில் போட்டால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. கேமராவில் போட்டால் எல்லாம் அழகாகத் தெரிகிறது. சரி, எடிட்டிங் சாப்ட்வேர்தான் பழசு என்று புதுசை இறக்கப் போனேன். புது ஓ.எஸ். இருந்தால்தான் போடுவேன் என்றது. ஓ.எஸ்.ஸைப் புதுப்பிக்கப் போனால், இந்த மாடலுக்கு இனிமேல் கிடையாது என்றது. ஒரு ஆபீசில் அந்த ஜன்னலுக்குப் போ, இந்த ஜன்னலுக்குப் போ என்று அலையவிட்டுக் கடைசியில் லீவு போர்டைக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

தில்லைநகரில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிற பெனடிக்டிடம் தூக்கிக்கொண்டு போனேன். திருப்பிப் போட்டு அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். "இது முடிஞ்சு போன மாடலுங்க. கம்பெனியே கைகழுவிட்டான். வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார். கேமரா வாங்கிய கையோடு லேப்டாப்பும் வாங்க நான் எங்கே போவேன்? உன்னிடம் சொன்னதற்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. "யூடியூப் பாத்துப் போடுடா, ஈஸிதான்." அந்த ஈஸி என்ற வார்த்தைக்காகவே உன்னை நேரில் பார்த்து நாலு அறை விட வேண்டும்.

இதற்கு நடுவில் ஒருநாள் உன் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்த கையோடு, அந்த நீலப் புடவையிலேயே படியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். கல்யாணத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கேமராவின் திரை தீப்பெட்டி அளவு, அவர்கள் கண்ணுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. லேப்டாப்பில் படம் வராதும்மா, சத்தம் மட்டும்தான் என்றேன். "பரவால்ல, சத்தத்தையாவது போடுப்பா" என்றார்கள்.

போட்டேன். கறுத்த திரையைப் பார்த்தபடியே இருந்தார்கள். நாயனம் கேட்டது. பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள். "இது எங்க சின்னம்மா, அதுக்குத்தான் இப்படிக் கட்டக் குரலு" என்று அம்மா சிரித்தார்கள். துறையூர் மண்டபத்து எதிரொலியோடு மைக் சத்தம் வந்தது. "பொண்ணோட அண்ணன் யாருங்க? மாப்பிள்ளைக்கு மாலை போட வாங்க." யாரும் வரவில்லை போல, மறுபடியும் மைக். "பொண்ணுக்கு அண்ணன் எங்கப்பா? நேரம் ஆகுது." அம்மா, "நிறுத்திருப்பா" என்றார்கள். நிறுத்தினேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவருகே நின்று, "சித்தார்த்தனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை என்றேன். "சொல்லிராத. லீவு கெடைக்காம தவிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்கள்.

அன்றைக்குத்தான் இந்த மிஷினில் எப்படியாவது படத்தை வரவைப்பது என்று உட்கார்ந்தேன்.

யூடியூபில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஒரு சின்ன புரோகிராமை முதலில் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். 'நான் பழைய மாடல் இல்லை, புது மாடல்தான்' என்று லேப்டாப்பைப் பொய் சொல்ல வைப்பது அதன் வேலை. பிறகு அதே பென்டிரைவிலிருந்து புது ஓ.எஸ்.ஸைப் போட வேண்டும். கல்யாண வீடியோ முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து ஷஹனாஸிடம் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

முதல் தடவை ஒரு வட்டம் வந்து, அதற்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்து அப்படியே நின்றது. நோ பார்க்கிங் போர்டு மாதிரி. இரண்டு ஐகானில் எதை முதலில் தொட வேண்டும் என்பதைத் தப்பாகச் செய்திருக்கிறேன். அது புரிவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அடுத்த தடவை, எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு பாதி ஓடி நின்றது. தானே அணைந்தது, தானே எரிந்தது, மறுபடி பாதியில் நின்றது. உள்ளே இருக்கிற ஃபேன் மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரி கத்தியது. ஷஹனாஸ் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "இத வித்துட்டு வேற வேலையப் பாருங்க" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். தென்னூர் பார்ட்டி ஒன்று காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. அதே நேரம் உன் மெசேஜ் வந்தது. "ஆச்சா?"

ஒருவழியாகப் புது ஓ.எஸ். ஏறியது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வைஃபை இல்லை. திரையும் நத்தை மாதிரி நகர்கிறது. ஒரு ஜன்னலைத் திறந்தால் அது திறப்பதற்குள் இன்னொரு டீ குடிக்கலாம். எடிட்டிங் சாப்ட்வேரைத் திறக்கவே முடியவில்லை. இதற்கெல்லாம் தனியாக 'பேட்ச்' என்று ஒரு ஒட்டுப் போட வேண்டுமாம். அந்த ஒட்டை இறக்க நெட் வேண்டுமாம். வைஃபையைச் சரிசெய்ய நெட் வேண்டும், நெட் வர வைஃபை வேண்டும். வயர் செருகலாம் என்றால் அந்த லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே கிடையாது. என் போனைக் கேபிளில் செருகினேன், அது கண்டுகொள்ளவே இல்லை. ஐபோன் என்றால் எடுத்துக்கொள்ளும் என்று பெனடிக்ட் போனில் சொன்னார். நம் வட்டத்தில் யாரிடம் ஐபோன் இருக்கிறது என்று யோசித்தேன். உன் மாப்பிள்ளையிடம்தான் இருக்கிறது.

குணசீலன் நல்ல பிள்ளை. கூப்பிட்டதும் காவேரிப் பாலத்து டிராஃபிக்கைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டார். பின்னால் இளவேனில். அவர் போனைச் செருகியதும் நெட் வந்தது. ஒட்டை இறக்கிப் போட்டு, அணைத்து எரியவிட்டதும் திரை விறுவிறுவென்று ஆடியது. கல்யாணத்தைத் திறந்தேன். கறுப்பு போய், மண்டபத்து வாசல் வாழைமரம் தெரிந்தது. இளவேனில் முக்காலியை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு மைக்கில் கூப்பிட்டபோது நான் மேடைக்குக் கீழே கேமராவில் கண்ணை வைத்து நின்றிருந்தேன். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் யாரையாவது கைகாட்டியிருப்பார். உன் அம்மா மட்டும் தாம்பாளத்தில் மாலையையும் மோதிரத்தையும் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவில் அவர்கள் முகத்தை நான் கிட்டத்தில் வைத்திருந்தேன். அதற்கு மேல் என்னால் எடுக்க முடியவில்லை. அப்போது மணமகள் அறை வாசலிலிருந்து இளவேனில், "இம்தியாஸ் அண்ணே, நீங்க வாங்க" என்றாள்.

கேமராவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன். அணைக்கவில்லை. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, சொந்தத்தில் ஆள் இல்லையா என்று முணுமுணுத்தார். உன் அம்மா திரும்பி, "எம் புள்ள எடத்துல அவன் நிக்கிறான், யாருக்கு என்ன?" என்றார்கள். மாலையைப் போட்டேன். மோதிரத்தை எந்த விரலில் போடுவது என்று தெரியாமல் விழித்தேன். மாப்பிள்ளைதான் விரலை நீட்டினார். கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நடக்கும்போது, ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நேராக ஃப்ளைட் இருக்கிறது, நாலு மணி நேரம் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அந்தக் கொஞ்ச நேரமும் கேமராவில் இருக்கிறது. சாய்ந்த படம். வேட்டிக் கரைகள், ஒரு குழந்தையின் கொலுசுக் கால், மேலே ஓரத்தில் என் முதுகு. மைக்கில் உன்னைத் தேடும் சத்தம் தெளிவாக இருக்கிறது.

இளவேனில் அதைப் பார்த்தாள். பிறகு, "இந்த எடத்த வெட்டிருங்க அண்ணே. எங்கண்ணன் பாத்தா தாங்காது" என்றாள். குணசீலன் எழுந்து வெளியே போய் நின்றார். சரிம்மா என்றேன்.

அவளுக்குக் கொடுத்த பிரதியில் வெட்டிவிட்டேன். மாலை தட்டில் இருப்பதும் உடனே மாப்பிள்ளை மேடையில் இருப்பதும் வருகிறது, நடுவில் ஒன்றும் தெரியாது. உனக்கு அனுப்பும் பிரதியில் வெட்டவில்லை. அம்மா சொல்லாதே என்றார்கள், தங்கச்சி வெட்டிவிடு என்றாள், நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. கோபத்தில்தான் செய்தேன் என்று வைத்துக்கொள். லீவு கேட்டுக் கிடைக்கவில்லையா, புது வேலை என்று கேட்கவே பயந்தாயா, எனக்குத் தெரியாது. கேட்டதாகத்தான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் விசாரிக்கவும் மாட்டேன்.

லேப்டாப் கதை அத்தோடு முடியவில்லை. எடிட்டிங் பாதியில் இருக்கும்போது, மத்தியானம் தொழுதுவிட்டு வருவதற்குள் அது தானாக ஒரு அப்டேட்டை இறக்கிப் போட்டுக்கொண்டது. போட்ட ஒட்டு எல்லாம் போச்சு. மறுபடி நத்தை, மறுபடி குணசீலனுக்குப் போன். அவர் இரண்டாவது தடவையும் முகம் சுளிக்காமல் வந்தார். படம் சரியாகிவிட்டது, ஆனால் வைஃபை மட்டும் அப்புறம் திரும்பி வரவே இல்லை. அதனால்தான் நெட்டில் ஏற்றாமல் உஸாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவது எங்கே என்று உனக்குத் தெரிந்தால் எழுது. ஈஸி என்று மட்டும் எழுதாதே.

வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே. நன்றாக இருக்கிறது என்று மெசேஜும் அனுப்பாதே. புத்தூருக்கு ஒரு போன், ஸ்ரீரங்கத்துக்கு ஒரு போன் செய். அழுதாலும் பரவாயில்லை, அவர்கள் காதில் விழட்டும். கல்யாணம் நடந்த நாளிலிருந்து நீ அவர்களிடம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் "ஆச்சா?" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாய்.

இன்னொன்று. அடுத்த மாதம் இளவேனிலுக்குத் தலை தீபாவளி. ஸ்ரீரங்கத்துக்குப் போய், மாப்பிள்ளையையும் பெண்ணையும் முறையாக அழைத்து வர வேண்டியவன் அண்ணன். இந்த முறையும் நான்தான் போவேன் என்று உன் அம்மா இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நான் போக மாட்டேன். நீ ஏர்போர்ட்டில் இறங்கினால் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன், பாலம் தாண்டியும் கூட வருவேன், வாசலில் நின்று படம் எடுப்பேன். உள்ளே போய்க் கூப்பிடுவது உன் வேலை.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், கேட்டவுடன் லீவு கொடுக்கிற முதலாளியையும் தரட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
இம்தியாஸ்