ஒளிக்காமல் விட்ட நூல்நுனிகள்

மதினிக்கு,

நேற்று சாயங்காலம் பேனாவுக்கு ரீஃபில் தேடி டிரங்குப் பெட்டியைக் கிண்டியபோது உங்கள் ஷட்டில் கையில் தட்டுப்பட்டது. சின்னப் படகு மாதிரி, கட்டைவிரல் நீளத்தில், லேஸ் பின்னுகிற அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஷட்டில். இப்போது பழுப்பேறிவிட்டது. நீங்கள் சுற்றிய நூல் இன்னும் இரண்டு முழம் அதன் வயிற்றில் மிச்சம் இருக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. இத்தனை வருஷம் கழித்து அப்படி அடிக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அடித்தது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆமாம் மதினி, நானேதான் எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. எங்கள் தெருவில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்றுதான் டீச்சர். போன தைக்குச் சேர்ந்தேன். அந்தப் பிள்ளை முதல் நாளே என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டது. "தாத்தா, பென்சிலை ஏன் இம்புட்டு இறுக்கிப் பிடிக்கீக? அது எங்கயும் ஓடிராது" என்றது. எனக்கு உங்கள் குரல் கேட்ட மாதிரி இருந்தது. இதே வார்த்தையை ஷட்டிலுக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். என் பெயரை நானே எழுதிய அன்று ரேஷன் கடைச் சுவர், சைக்கிள் டயர் பட்ட மண், எல்லாவற்றிலும் எழுதிப் பார்த்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும். சொல்ல வேண்டியதும் மெதுவாகத்தான் வருகிறது.

அண்ணன் இறந்துபோன பிறகு நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வரும் தெருவுக்குப் பின்சந்தில் ஒற்றை அறை பிடித்து இருந்தீர்கள். மடத்துக் கன்னியாஸ்திரி அம்மா சொல்லித் தந்த லேஸும் எம்ப்ராய்டரியும்தான் உங்களுக்குச் சோறு போட்டன. கான்சாபுரத்திலிருந்து உங்கள் அண்ணன் மாசம் ஒருதரம் வந்து, "எதுக்குத்தா தனியாக் கிடக்கே, வந்துரு, காட்டு வேலை இருக்கு" என்று கூப்பிடுவார். போனால் உங்கள் மகள் செல்வியின் படிப்பு நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போன வழக்கமே கிடையாது. "செல்வி பத்து முடிக்கிற வரைக்கும் இந்த நூலு அறுந்திரக் கூடாது கொழுந்தனாரே" என்று சொல்வீர்கள். உங்களுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அந்த வருஷம்தான் ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லைப் பூட்டினார்கள். இருபது வருஷம் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் மெஷினில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டே பழகிய கை, சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, தலையணை உறையில் கிளி போட்டுக்கொண்டிருப்பீர்கள். வால் முதலில், அப்புறம் இறக்கை, கடைசியில்தான் கண். கண் வைத்ததும் கிளி உங்களைப் பார்க்கும். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவீர்கள். அங்கேயும் ஒரு முடிச்சு தெரியாது. "முன்பக்கத்தை எவளும் போட்டுருவா. பின்பக்கத்தைப் பாத்துத்தான் கையைச் சொல்லணும்" என்பீர்கள்.

எனக்கு லேஸ்தான் பிடித்தது. ஊசி கிடையாது, சட்டம் கிடையாது, ஒரு ஷட்டிலும் பத்து விரலும் மட்டும். நூலை இடது கையில் வளையமாகப் போட்டு, ஷட்டிலை அடியில் விட்டு மேலே எடுத்து இழுக்க வேண்டும். பார்க்க அவ்வளவுதான். ஆனால் இழுக்கிற நேரத்தில் ஷட்டில் நூல் நேராக நிற்க வேண்டும், கையில் இருக்கிற நூல்தான் அதைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மாறிப் போனால் முடிச்சு இறுகிவிடும், வளையம் மூடாது. பிரிக்கவும் முடியாது, கத்தரிக்கத்தான் வேண்டும். "எம்ப்ராய்டரி நல்ல மாமியா மாதிரி, தப்புப் பண்ணினா பிரிச்சுக்க விடும். இது பொல்லாத மாமியா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குப் பத்தொன்பது நாள் முடிச்சு இறுகிக்கொண்டே இருந்தது. "கொழுந்தனாரே, லேஸ் போடுதீகளா, மாடு கட்டக் கயிறு திரிக்கீகளா?" என்று கேட்டீர்கள். இருபதாவது நாள் முடிச்சு சட்டென்று புரண்டு, நூலில் வழுக்கி ஓடியது. "மதினி, ஓடுது! ஓடுது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு வந்துவிட்டாள்.

அவள் வந்ததும் நான் ஷட்டிலை மடிக்குள் ஒளித்தேன். அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். டீக்கடையில் என்னோடு உட்காருகிறவர்கள் எல்லாம் மில்லில் வேலை செய்தவர்கள். நான் பொம்பளை லேஸ் பின்னுகிறேன் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது மதினி. செல்வி மேல சத்தியம் பண்ணுங்க" என்றேன். நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டே, "தையக்காரன் ஆம்பள, சமையக்காரன் ஆம்பள. இந்த நூலைத் தொட்டா மட்டும் மீசை கொட்டிருமாக்கும்" என்றீர்கள். ஆனாலும் சத்தியம் செய்தீர்கள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் நான் பின்னினேன். செல்விக்குக்கூடத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவேன்.

மதுரையிலிருந்து நூலும் மாதிரியும் கொண்டுவருகிற லேஸ்காரம்மா, ஆடித் தேருக்கு முன்னால் அந்தப் பெரிய வேலையைத் தந்தது. மேஜை விரிப்பு ஒன்றுக்குச் சுற்றிலும் கரை, பதினெட்டு முழம். அது சரியாக அமைந்தால் நிரந்தரமாக வேலை, கீழே நாலு பெண்களை வைத்துச் செய்யலாம் என்று சொல்லிப் போனது. செல்வியின் படிப்பு முழுக்க அந்தப் பதினெட்டு முழத்தில் இருந்தது. பதினோரு முழம் முடித்திருந்தீர்கள். அப்போதுதான் வலது கைக் கட்டைவிரலில் நகச்சுற்று வந்தது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு, வலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"மிச்சம் ஏழு முழத்தை நான் போடுதேன்" என்றேன்.

நீங்கள் ரொம்ப நேரம் என் கையையே பார்த்தீர்கள். "போடுங்க. நூல் தீந்தா, புது நூல் சேக்கிற இடத்துல நுனியை விரல் நீளத்துக்கு விடணும். பொறவு ஊசியில கோத்து, தையலுக்குள்ளயே நுழைச்சு ஒளிக்கணும். வெட்டிறாதீக" என்றீர்கள்.

நான் தலையாட்டினேன். ஏழு முழத்தில் ஒன்பது இடத்தில் நூல் சேர்க்க வந்தது. மதினி, என் கை மில் கை. நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு மில் முடிச்சுப் போடும், நுனியை எள்ளு அளவுக்கு வெட்டிவிடும். மில்லில் அப்படிச் செய்கிறவனுக்குத்தான் பெயர். சூப்பர்வைசர் என் முடிச்சைக் கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறார். அந்தக் கர்வத்தில் ஒன்பதையும் அப்படியே போட்டேன். அவ்வளவு சின்ன முடிச்சை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மில் நூலுக்குச் சுணை உண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். லேஸ் நூல் பளபளவென்று வழுக்கும் என்பதை யோசிக்கவில்லை.

முடித்துக் கொடுத்ததும் கேட்டீர்கள். "நுனியெல்லாம் ஒளிச்சீகளா?"

"ம்" என்றேன்.

உங்கள் விரலில் எலுமிச்சம்பழம். தடவிப் பார்க்க முடியவில்லை. என் வார்த்தையை நம்பினீர்கள்.

லேஸ்காரம்மா அடுத்த மாதம் வந்த அன்று செல்வி வீட்டில் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். அந்த அம்மா பையிலிருந்து லேஸை எடுத்துப் பாயில் போட்டது. துவைத்து, பலகையில் இழுத்துக் குண்டூசி குத்தியபோது ஆறு இடத்தில் விட்டுப்போயிருந்தது. வளையங்கள் அவிழ்ந்து, நூல் சுருள் சுருளாகத் தொங்கியது.

"என்னம்மா இது? பாதி ஒரு கை, பாதி ஒரு கை. எவகிட்டக் குடுத்துப் போட்டே? அந்தக் கை யாருதுன்னு சொல்லு. ஒன்கிட்டக் குறை இல்லேன்னா நான் ஏன் வேலையை எடுக்கப் போறேன்?"

நீங்கள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை. பேச்சை என்னிடம் நீட்டுகிற மாதிரி பார்த்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறை உங்களுடையது, பள்ளிக்கூடம் செல்வியுடையது. எனக்கு டீக்கடைப் பெஞ்சுதான் கண்ணில் தெரிந்தது. ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்தேன். "செத்த இருங்க, டீ வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி வாசலின் மூன்று படியையும் இறங்கிப் போனேன்.

சந்து திரும்பும்போது உங்கள் குரல் கேட்டது. "என் கைதாம்மா. விரல்ல புண்ணு, கவனிக்கல."

நான் டீயோடு வரும்போது அந்த அம்மா நூல், மாதிரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. செல்வி சுவரோடு ஒட்டி நின்று, "நீ ஏம்மா கவனமாப் போடல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். டீயில் ஆடை கட்டியது. யாரும் குடிக்கவில்லை.

தை மாசம் வரைக்கும் கல்யாணத் தலையணை உறைகளில் கிளி போட்டுத் தாக்குப்பிடித்தீர்கள். பிறகு முடியவில்லை. கான்சாபுரம் பஸ்ஸில் உங்கள் பெட்டியை நான்தான் ஏற்றினேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்த செல்வி என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள், உங்களிடம் பேசவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக இந்த ஷட்டிலை நீட்டினீர்கள். "நீங்களே வச்சுக்கோங்க. கை நல்லா ஓடுது. நுனியை ஒளிக்க மட்டும் பழகணும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மில் திறந்தது. நான் திரும்பவும் முடிச்சுப் போடப் போனேன். மூன்று வருஷம் கழித்து ஒரு தடவை உங்களைப் பார்க்க வந்தேன். மிளகாய்க் காட்டிலிருந்து வந்து உட்கார்ந்தீர்கள். பட்டு நூல் கொஞ்சம் வாங்கி வந்திருந்தேன். பிரித்து எடுத்தீர்கள். விரல் சொரசொரப்பில் நூல் மாட்டி மாட்டி இழுத்தது. திரும்பச் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டு, "காபி குடிக்கீகளா கொழுந்தனாரே?" என்று கேட்டீர்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். செல்வி பக்கத்தில்தான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து கண்ணை மூடிவிட்டீர்கள். தூக்குகிற நேரத்தில் உங்கள் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் கோணலாகவே வளர்ந்திருந்தது.

செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அதே ஊரில்தான் இருக்கிறாள். போன பொங்கலுக்குப் போனபோது மூத்தவள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். செல்வி அவள் தலையில் குட்டி, "கவனமா எழுது. எங்க அம்மா ஒரு நாள் கவனமா இருந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்" என்றாள். என்னைப் பார்த்து, "அப்படித்தானே சித்தப்பா?" என்று வேறு கேட்டாள்.

அன்றைக்கும் "ம்" என்றுதான் சொன்னேன் மதினி.

திரும்பி வருகிற பஸ்ஸில் முடிவு செய்தேன். வாயால் என்னால் முடியாது. வாய் எனக்கு இரண்டு தடவை துரோகம் செய்துவிட்டது. எழுதத்தான் வேண்டும். அந்த வாரமே வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எதற்கு வந்தீர்கள் என்று டீச்சர் பிள்ளை கேட்டதற்கு, பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். அதுவும் பொய்தான். ஆனால் இப்போது பஸ் போர்டும் படிக்கிறேன். வன்னியம்பட்டி என்று நானே எழுத்துக் கூட்டி வாசித்த அன்று நடத்துனரிடம் சத்தமாகச் சொல்லிக் காட்டினேன்.

என் கையில் இன்னும் அந்த ஓட்டம் இருக்கிறது. இடது ஆள்காட்டி விரலில் நூல் ஓடிய தடம், தொட்டால் தெரியும். நீங்கள் தந்தது அது. அதோடு சேர்த்து உங்களை விட்டுவிட்டு இறங்கிப் போன அந்த மூன்று படியையும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

இதை ஒருதரம் படித்துப் பார்த்தேன். எழுத்து கோணல்மாணல்தான், பரவாயில்லை, புரிகிறது. நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் கான்சாபுரம் போகிறேன். இந்த நோட்டையும் ஷட்டிலையும் செல்வி கையில் கொடுப்பேன். உரக்க வாசி என்று சொல்வேன். அவள் நடுவில் நிறுத்தலாம். என்னைப் பார்க்கலாம். வெளியே போ என்றும் சொல்லலாம், சொன்னால் போய்விடுவேன்.

ஆனால் அவள் கடைசி வரிக்கு வரும்வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன் மதினி. டீ வாங்கப் போக மாட்டேன்.

உங்கள் கொழுந்தன்.